மரம் வெட்டும் சிறுதொழிலுக்கு எந்த வண்டி, எந்தக் கருவி? எடைக் கணக்கிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

மரம் வெட்டுகிற தொழிலில் வெட்ட ஆகிற நேரத்தைவிட, வெட்டியதை அகற்ற ஆகிற நேரம்தான் அதிகம். ஒரு மணி நேரத்தில் கழித்துப் போட்ட வேப்பங்கிளைகளை வாரி, அடுக்கி, கட்டி, கொட்டுமிடம் போய்த் திரும்புவதற்குள் அரை நாள் ஓடிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் பெரிய செயின் சா ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். பிறகு கையில் மிஞ்சிய பணத்துக்குள் அடங்கும் வண்டியைத் தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். என்ன மரம், என்ன எடை, எந்தச் சந்து என்பது முதலில் தெரிந்தால் வண்டி முடிவாகும். வண்டி முடிவானால் துண்டின் அளவு முடிவாகும், அதைப் பார்த்துத்தான் கயிறும் ரம்பமும் வாங்க வேண்டும்.

சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் வீடுகள், அடுக்ககங்கள், பள்ளிகள், சிறு தோப்புகளில் வேலை எடுக்கும் மூன்று நான்கு பேர் குழுவை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

படி 1: வரும் வேலைகளை அளந்து எழுதுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாதம், விசாரிக்க வரும் ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து விஷயங்களைக் குறித்து வையுங்கள்: மார்பு உயரத்தில் மரத்தின் சுற்றளவு, உத்தேச உயரம், வண்டி நிற்கும் இடத்திலிருந்து மரம் எத்தனை அடி, சந்தின் மிகக் குறுகிய இடத்தின் அகலம், பக்கத்தில் மின்கம்பி உண்டா இல்லையா. சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். 190 செ.மீ. சுற்றளவுள்ள தூங்குமூஞ்சி மரத்தின் விட்டம் ஏறத்தாழ 60 செ.மீ.

கேட் அகலத்தை மட்டும் அளந்துவிட்டு வரக் கூடாது. சந்தின் முனையில் மின்கம்பமோ, குடிநீர்த் தொட்டியோ, வாசற்படியோ நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி மாட்டுவது அங்கேதான். கண்ணாடிகளையும் சேர்த்த வண்டி அகலத்துக்கு மேல் இரு பக்கமும் ஒரு சாண் இடமாவது வேண்டும்.

படி 2: எடைக் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்

பச்சை மரம் ஒரு கன மீட்டர் பொதுவாக 800 முதல் 1,000 கிலோ வரை இருக்கும். மரத்தைப் பொறுத்தும் ஈரத்தைப் பொறுத்தும் மாறும். திட்டமிட 900 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் 1 மீட்டர் நீளமுள்ள துண்டு:

30 செ.மீ. விட்டம் – சுமார் 64 கிலோ
45 செ.மீ. விட்டம் – சுமார் 143 கிலோ
60 செ.மீ. விட்டம் – சுமார் 254 கிலோ
90 செ.மீ. விட்டம் – சுமார் 573 கிலோ

விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்காகும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நடுத்தரமாகத் தெரியும் 60 செ.மீ. மரத்தின் 6 மீட்டர் அடிமரம் மட்டுமே ஒன்றரை டன் வரும்.

இலையோடு இருக்கும் கிளைகளின் கணக்கு வேறு. எவ்வளவு மிதித்து அடுக்கினாலும் ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் ஏறும். அரைத்த மரச்சீவல் என்றால் ஏறத்தாழ 300 கிலோ. ஆகவே ஒரே வண்டிக்கு மூன்று எல்லைகள் உண்டு. கிளை ஏற்றினால் எடை ஏறும் முன்பே இடம் நிறைந்துவிடும். கட்டை ஏற்றினால் இடம் காலியாக இருக்கும்போதே எடை முடிந்துவிடும். சீவல் ஏற்றும்போது, பாதிதான் நிறைந்திருக்கிறது என்று நினைக்கையிலேயே எல்லை நெருங்கியிருக்கும்.

படி 3: வண்டியின் வகுப்பைத் தீர்மானியுங்கள்

சந்தையில் உள்ள சிறு சரக்கு வண்டிகளை இந்தத் தொழிலுக்காக மூன்று வகுப்பாகப் பார்க்கலாம்.

முதல் வகுப்பு டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி போன்றவை. ஏற்றுதிறன் 750 கிலோ அளவு. ஏஸின் சரக்குத் தொட்டி ஏறத்தாழ 2.2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். வண்டியும் 1.5 மீட்டர் அகலம்தான், திரும்பும் ஆரம் 4.3 மீட்டர். எட்டடிச் சந்தில் நுழைந்து திரும்ப இதைவிட வசதியான நான்கு சக்கர வண்டி கிடையாது. தென்னை மட்டை, பாளை, கவாத்துக் கழிவு இவைதான் உங்கள் வேலையில் பெரும்பங்கு என்றால் இது போதும். அடிமரம் ஏற்றுவதே வழக்கமான வேலையாக இருந்தால் போதாது. சி.என்.ஜி. வகை வாங்கும்போது சிலிண்டரின் எடை ஏற்றுதிறனிலிருந்து கழிவதைக் கவனியுங்கள். சூப்பர் கேரியில் பெட்ரோல் வகைக்கு 740 கிலோ, சி.என்.ஜி. வகைக்கு 625 கிலோ.

இரண்டாம் வகுப்பு டாடா இன்ட்ரா வி30, அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவை. ஏற்றுதிறன் 1,250 முதல் 1,300 கிலோ. இன்ட்ரா வி30-இன் தொட்டி ஏறத்தாழ 2.69 மீட்டர் நீளம், 1.62 மீட்டர் அகலம், பக்கப் பலகை 40 செ.மீ. உயரம். வீட்டு மரங்களை முழுதாக அகற்றும் வேலை எடுக்கும் குழுவுக்கு இதுவே நல்ல தேர்வு. நகரத் தெருக்களில் நுழையும், ஒரு டன் அளவுக்குக் கட்டையும் தாங்கும். தேர்வில் குழம்புகிறவர்கள் இந்த வகுப்பிலிருந்து தொடங்கினால் பின்னால் வருந்த வேண்டியிருக்காது.

மூன்றாம் வகுப்பு மஹிந்திரா பொலேரோ பிக்கப்பின் 1.7 டன் வகை போன்றவை. தோப்பு, பண்ணை, மண்பாதை வேலைகளுக்கு இதன் உயரமும் பலமும் உதவும். பழைய நகரப் பகுதிச் சந்துகளில் சிரமம்.

இங்கே ஒரு சட்டக் கோடு குறுக்கிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம் என்கிறது. மொத்த எடை என்பது வண்டியின் எடையும் சுமையும் சேர்ந்தது, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். முதல் இரண்டு வகுப்பும் பொதுவாக இதற்குள் அடங்கும். 1.7 டன் பிக்கப் தாண்டும். பர்மிட் வேண்டாம் என்றாலும் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு: புது வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். ஓட்டுநர் விஷயத்தில் குழப்பம் தீர்ந்துவிட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக உரிமம் உள்ளவரே தனிப் பதிவில்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிப்படுத்தியது.

ஆட்களை எப்படி அழைத்துப் போவது என்பதையும் வாங்குமுன் யோசியுங்கள். இந்த வண்டிகளின் கேபினில் பெரும்பாலும் ஓட்டுநரும் இன்னொருவரும்தான் உட்காரலாம். மற்றவர்களைத் தொட்டியில், அதுவும் கட்டைகளின் மேல் உட்கார வைத்துக் கூட்டிப்போவது பல ஊர்களில் சகஜமாக நடக்கிறது. திடீர் பிரேக்கில் கட்டை உருண்டால் தப்பிக்க வழியில்லை, காப்பீடும் கைவிடும். இருவர் இருசக்கர வண்டியில் வரட்டும். தினமும் நான்கு ஐந்து பேர் போகும் குழுவாக இருந்தால் பொலேரோ கேம்பர் போன்ற இரட்டைக் கேபின் வண்டியைப் பாருங்கள். தொட்டி சிறிது, சுமை ஒரு டன் அளவு. ஆனால் ஆட்கள் பெல்ட் போட்டு உட்காரலாம்.

படி 4: உண்மையான ஏற்றுதிறனைக் கழித்துப் பாருங்கள்

விளம்பரத்தில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்ட்ரா வி30-ஐ வைத்துக் கணக்குப் போடுவோம். 1,300 கிலோவில் பக்கக் கூண்டு 75, கேபினில் இருவர் 130, ரம்பம், கயிறு, எரிபொருள், ஏணி எல்லாம் 120 கழியும். மிச்சம் 975 கிலோ. 30 செ.மீ. கட்டை என்றால் ஒரு மீட்டர் துண்டுகள் 15. 60 செ.மீ. கட்டை என்றால் நான்கு துண்டுகூட இல்லை. மேலே சொன்ன 6 மீட்டர் அடிமரத்துக்கு இரண்டு நடை கட்டாயம். வாடிக்கையாளரிடம் விலை பேசும்போதே இந்த இரண்டு நடை கணக்கில் இருக்க வேண்டும். முதல் நடை போனபின் "இன்னொரு நடைக்கு வாடகை வேணும்" என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

பக்கக் கூண்டு

கிளை ஏற்ற 40 செ.மீ. பக்கப் பலகை போதாது. அதன் மேல் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கழற்றி மாட்டும் கம்பிவலைக் கூண்டு வேண்டும். பட்டறையில் சொன்னால் வழக்கமாக 40 மி.மீ. ஆங்கிள், 5 மி.மீ. கனத்தில் போட்டுத் தருவார்கள். வலையோடு சேர்ந்து 100 கிலோவை எட்டிவிடும். 32 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் என்று கேளுங்கள், 75 கிலோவுக்குள் முடியும், இந்த வேலைக்குப் பலமும் போதும். அந்த 25 கிலோ ஒவ்வொரு நடையிலும் உங்களுக்கு மிச்சம்.

பக்கங்களைத் தனித்தனிச் சட்டங்களாகச் செய்து, பலகையின் குழிகளில் செருகி, கொண்டி போட்டுப் பூட்டும்படி அமையுங்கள். ஒரே கூண்டாகப் பற்றவைத்தால் கட்டையைப் பக்கவாட்டில் உருட்டி ஏற்ற முடியாது. பின்கதவு மட்டும் இரட்டைக் கதவாக, வெளிப்பக்கம் திறக்கட்டும். வலை 2 அங்குலக் கண்ணுக்குமேல் பெரிதாக இருந்தால் தென்னை ஓலை நீட்டிக்கொண்டு வரும். நிரந்தரமாகப் பற்றவைப்பதும், டிப்பர் தொட்டி மாட்டுவதும் வண்டியின் அமைப்பை மாற்றுவதாகும், அதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதி வேண்டும். டிப்பர், இறக்கும் நேரத்தை வெகுவாகக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் ஹைட்ராலிக்கின் எடையும் ஏற்றுதிறனில் கழியும். முதல் வகுப்பு வண்டியில் அதற்கு இடமில்லை.

சுமையை அடுக்கும் முறை

கனமான அடிமரத் துண்டுகள் கேபினை ஒட்டித் தரையில் கிடக்க வேண்டும், அதன் பின்னால் சிறிய கட்டைகள், மேலே கிளைகள். கனத்தைப் பின்கதவுப் பக்கம் வைத்தால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி விட்டுப்போகும். பாலம் ஏறும்போதுதான் இது தெரியவரும். கிளைகளை அடிப்பகுதி கேபின் பக்கம், நுனி பின்பக்கம் என்று ஒரே திசையில் அடுக்குங்கள். குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் பாதி சுமைக்கே இடம் நிறையும். ஒவ்வொரு அடுக்கையும் ரம்பத்தால் இரண்டு இடத்தில் குறுக்கே அறுத்து மிதித்தால் கிளைகள் நன்றாகப் படியும். அப்போது தொட்டித் தரையிலும் வலையிலும் ரம்பம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே வலையோ தார்ப்பாயோ கட்டாமல் சாலையில் இறங்க வேண்டாம். அனுமதித்த எடையை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பக்கத்திலோ பின்னாலோ உயரத்திலோ எல்லை மீறி நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய். மிகைச் சுமையை இறக்கும் செலவும் உங்களுடையது. பின்னால் வரும் இருசக்கர ஓட்டுநரின் கண்ணுயரத்தில் கிளை நுனி ஆடிக்கொண்டு போவது அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து.

பழைய வண்டி வாங்குவதானால்

கேபின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். வண்டியின் அடியில் படுத்து, தொட்டி சேஸியில் உட்காரும் இடங்களில் விரிசலோ புதுப் பற்றவைப்போ இருக்கிறதா என்று பாருங்கள். பின்சக்கர ஸ்பிரிங் பட்டைகளில் புதிதாகச் சேர்த்த ஒன்றிரண்டு தெரிந்தால் அந்த வண்டி மிகைச் சுமை தூக்கிய வண்டி. காலியாகச் சமதரையில் நிறுத்தும்போது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பட்டையோ சேஸியோ போயிருக்கும். மணலும் உப்பும் ஏற்றிய வண்டிகளில் தொட்டித் தரை உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும், ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள்.

வாரத்தில் இரண்டு நடைக்குமேல் தேவைப்படாத நிலையில் சொந்த வண்டி வேண்டாம். மாதத் தவணை, காப்பீடு, வரி, எஃப்.சி., டயர் தேய்மானம் எல்லாவற்றையும் மாதக் கணக்காக்குங்கள். ஒரு நடை வாடகையிலிருந்து அதே நடைக்குச் சொந்த வண்டியில் ஆகும் டீசல், ஓட்டுநர் கூலியைக் கழியுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால், மாதம் எத்தனை நடை ஓடினால் சொந்த வண்டி கட்டுப்படியாகும் என்று தெரியும். உதாரணத்துக்கு மாதச் செலவு 20,000, நடைக்கு மிச்சம் 1,000 என்றால் 20 நடை வேண்டும். உங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

படி 5: செயின் சா

குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று மரத்தில் இறுகிக்கொண்டால் அதை விடுவிக்க மற்றொன்று தேவை. ஒரே ரம்பத்தோடு போன குழு, கடப்பாரையும் அரிவாளும் வைத்துக்கொண்டு அரை நாள் போராட நேரும்.

முதல் ரம்பம் 30–32 சி.சி., 14 அல்லது 16 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). ஸ்டில் எம்.எஸ். 180 இந்த வகுப்பு, எடை நான்கு கிலோ அளவு. கிளை வேலை முழுக்க இதில் முடியும். இரண்டாவது 45 சி.சி. அளவில், 16 அல்லது 18 அங்குலப் பாரோடு. 70 சி.சி. வகுப்பு ரம்பம் 60 செ.மீ.க்கு மேற்பட்ட அடிமரம் வாரந்தோறும் வரத் தொடங்கினால் வாங்கலாம், அதுவரை வாடகைக்கு எடுங்கள். பாரின் நீளத்தைப்போல் இரு மடங்கு வரையுள்ள விட்டத்தை இருபுறமும் அறுத்துச் சமாளிக்கலாம். எனவே சிறு எஞ்சினில் நீளப் பார் மாட்டும் ஆசை வேண்டாம். எஞ்சின் திணறும், ஆயில் நுனிவரை போகாது.

மரத்தின் மேல் பயன்படுத்த, கைப்பிடி மேலே உள்ள தனி வகை உண்டு. பயிற்சி பெற்று, இரண்டு இடத்தில் கட்டிக்கொண்டு ஏறுபவருக்கு மட்டுமே அது. தரையில் நின்று அதை ஒரு கையால் ஓட்டுவது கழுத்துக்கும் முகத்துக்கும் ஆபத்து. பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓட்டுபவரை நோக்கித் தெறிக்கும்.

மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத பெரிய ரம்பங்களை வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி: செயின், பார், கிளட்ச் டிரம், கார்புரேட்டர் உறை உங்கள் ஊர்க் கடையில் இன்றைக்கே கிடைக்குமா? கிடைக்காதென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

எரிபொருள்: தயாரிப்பு நிறுவனம் சொல்லும் தரமான டூ-டி ஆயில் என்றால் பொதுவாக 50-க்கு 1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மி.லி. சாதாரண ஆயிலுக்குக் கையேடு 25-க்கு 1 என்று சொன்னால் 200 மி.லி. ஆயில் குறைந்தால் பிஸ்டன் சிக்கும், அதற்குமேல் அந்த எஞ்சினைச் சரிசெய்வது வீண் செலவு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு டாங்கின் அடியில் தனியாகப் பிரியும், கார்புரேட்டரின் ரப்பரையும் கெடுக்கும். எனவே இரண்டு மூன்று நாள் வேலைக்கு மட்டும் கலந்து, பயன்படுத்துமுன் குலுக்கி ஊற்றுங்கள். ஒரு வாரம் ரம்பம் சும்மா இருக்கப் போகிறதென்றால் டாங்கைக் காலிசெய்து, தானாக அணையும்வரை ஓட விடுங்கள். வண்டியில் இருந்து எடுத்த கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் பழக்கம் ஆயில் பம்பை அடைத்துக் கொன்றுவிடும்.

செயினைப் பொறுத்தவரை பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்), கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் பல்லின் கனம்), அந்த ஓட்டுப் பற்களின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். ரம்பத்துக்கு மூன்று செயின் வையுங்கள். உருண்டை அரத்தின் அளவு செயினைப் பொறுத்தது: சிறு ரம்பங்களின் குறும் 3/8 செயினுக்கு 4.0 மி.மீ., 0.325 செயினுக்கு 4.8, பெரிய 3/8 செயினுக்கு 5.2. பொதுவாக 30 டிகிரி கோணம், எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. டாங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று இழுப்பு போட்டால் செயின் மழுங்கவே மழுங்காது. சீவலுக்குப் பதில் மாவு விழுந்தால் மழுங்கிவிட்டது என்று பொருள். அறுப்பு ஒரு பக்கம் வளைந்தால் ஒரு பக்கப் பற்கள் நீளம் குறைந்துவிட்டன, அல்லது பாரின் ஓரம் தேய்ந்திருக்கிறது. ஆயில் இருந்தும் புகைந்தால் பாரின் ஆயில் துளை அடைத்திருக்கும். வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்டதை இறுக்கிவிட்டு அப்படியே ஆறவிட்டால் சுருங்கி கிராங்க் தண்டின் மேல் அழுத்தும்.

தென்னை செயினைத் தின்னும். நாரும், அடியில் ஒட்டிய மணலும்தான் காரணம். தென்னை வேலைக்கென்று ஒரு பழைய செயினை ஒதுக்குங்கள், அடிமரத்தை அறுக்குமுன் மண்ணைத் தட்டித் துடையுங்கள்.

கவாத்துக்கு 33 செ.மீ. அளவுள்ள நல்ல கைரம்பமே பெரும்பாலும் போதும். கிளையை ஓர் அடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து விழவிட்டு, மிஞ்சிய குச்சியைக் கிளை தடித்துச் சேரும் வளையத்தை ஒட்டி அறுக்க வேண்டும். மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போகும் குழுக்கள் அந்த மரத்தை அழுகலுக்குத் திறந்துவிடுகின்றன. அங்கிருந்து முளைக்கும் போத்துகள் பலமின்றி அடுத்த காற்றில் ஒடிந்து விழும். மரம் வைத்திருப்பவர் இதை அறியாமல் கேட்டாலும் நாம் எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

படி 6: கயிறும் கப்பியும்

மேலே சொன்ன எடைப் பட்டியல் இங்கே மறுபடி தேவைப்படும். கடையில் கிடைக்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு சுமை கட்டத்தான். அடிமரத்தில் சுற்றி இறக்கும்போது உராய்வுச் சூட்டில் உருகிவிடும். கட்டை இறக்க இரட்டைப் பின்னல் பாலியஸ்டர் கயிறு 14 அல்லது 16 மி.மீ., 50 மீட்டர். அறுபடு சுமை என்ன என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு, அதில் பத்தில் ஒரு பங்கையே வேலைச் சுமையாக வையுங்கள். முடிச்சு கயிற்றின் பலத்தைக் குறைக்கும், விழும் கட்டையைக் கயிறு பிடிக்கும் கணத்தில் சுமை பல மடங்காகும், கப்பி கட்டிய கிளைக்கோ ஏறத்தாழ இரட்டைச் சுமை. 45 செ.மீ. அடிமரத்தை ஒரு மீட்டராக வெட்டினால் 143 கிலோ, அரை மீட்டராக வெட்டினால் 72. கூடுதலாக ஓர் அறுப்பு, ஆனால் கப்பி கட்டிய மரம் குலுங்காது.

கயிற்றை வெறும் கையால் பிடித்து இறக்கக் கூடாது. அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றி உராய்வில் இறக்குங்கள். கயிறு பிடிப்பவர் கையில் அதைச் சுற்றிக்கொள்ளவே கூடாது.

வண்டியில் ஏற்றும்போதும் இதே கணக்குதான். இருவர் தூக்க 50 கிலோவே எல்லை: 30 செ.மீ. கட்டை என்றால் முக்கால் மீட்டர், 60 செ.மீ. என்றால் 20 செ.மீ. வில்லை. அதற்கு மேற்பட்டதை இரண்டு பலகைச் சரிவும் கடப்பாரையும் வைத்து உருட்டி ஏற்றுங்கள், அல்லது கையால் இயக்கும் வின்ச் வையுங்கள். விறகுக்கடைக்கும் மரவாடிக்கும் என்ன நீளம் வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொண்டால் இரண்டு முறை அறுக்க வேண்டியதில்லை.

ஏறுபவருக்கு: உட்காரும் வகைக் கச்சை, ஏறும் கயிறு, உள்ளே கம்பி ஓடும் இடுப்புக் கயிறு. ரம்பம் தவறிப் பட்டால் சாதாரணக் கயிறு நொடியில் அறும், கம்பிக் கயிறு ஒரு வாய்ப்புத் தரும். காலில் கட்டி மரத்தில் குத்தி ஏறும் கால் முள், வெட்டி அகற்றப்போகும் மரத்தில் மட்டும். வாழவேண்டிய மரத்தில் முள் குத்திய ஒவ்வொரு புண்ணும் நோய்க்கு வாசல்.

படி 7: உயிர் காக்கும் பொருள்கள்

இவற்றின் பணத்தை வண்டிக்கு முன்பே ஒதுக்குங்கள். தாடைப் பட்டையுள்ள ஐ.எஸ். 2925 முத்திரைத் தலைக்கவசம், முகவலை, காது மூடி, ரம்பம் பட்டால் இழை சுற்றிக்கொண்டு செயினை நிறுத்தும் கால்சட்டை, நல்ல பிடிப்புள்ள காலணி. சாதாரண ஜீன்ஸ் செயினைத் தடுக்காது.

மின்கம்பியிலிருந்து 3 மீட்டருக்குள் ஆளோ கிளையோ கருவியோ போகும் வாய்ப்பிருந்தால் மின்தடை வாங்கித்தான் வேலை. தெருவில் மேலே ஓடுவது 11,000 வோல்ட் கம்பியாக இருக்கலாம், கிட்டே போனாலே பாயும். அலுமினிய ஏணியும், அலுமினியக் கம்பில் கட்டிய தொரட்டியும் இந்த இடத்துக்கு வரவே கூடாது. பச்சைக் கிளையும் ஈரக் கயிறும் மின்சாரம் கடத்தும். பிரிவு அலுவலகத்திலோ 94987 94987 மின்னகம் எண்ணிலோ கேட்டு, லைன்மேன் வந்து நிறுத்தியதைக் கண்ணால் பார்த்தபின் ஏறுங்கள்.

ஏறுமுன் கீழே நின்று ஐந்து நிமிடம் மரத்தை அண்ணாந்து பாருங்கள். தென்னை, பனை உச்சியில் கதண்டுக் குளவிக் கூடு இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

கிளை அரைக்கும் இயந்திரம் வாங்கலாமா?

முதல் ஆண்டில் பெரும்பாலும் வேண்டாம். 4 அங்குலக் கிளை விழுங்க 13–15 குதிரைத்திறன் வேண்டும். அந்த இயந்திரத்தை வண்டித் தொட்டியில் ஏற்றினால் சுமைக்கு இடமில்லை. பின்னால் இழுத்துப் போவதானால் அந்த இழுவைக்குத் தனிப் பதிவு வேண்டும். 7 குதிரைத்திறன் சிறு இயந்திரங்கள் இரண்டு அங்குலத்துக்குமேல் திணறும், தென்னை மட்டையின் நார் உருளையில் சுற்றிக்கொள்ளும். நிரந்தரமாகக் கழிவு வரும் பள்ளி வளாகம், தோப்பு, அடுக்ககம் போன்ற வாடிக்கை கிடைத்து, அரைத்த சீவலை மூடாக்காக அங்கேயே பரப்ப முடிந்தால்தான் லாபம். அப்போதும் டிராக்டரில் ஓடும் வகையை வாடகைக்கு எடுத்து ஒரு பருவம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கத்தியைத் தீட்டாமல் ஓட்டினால் சீவல் நாராகி, வெளியேறும் வழி அடைத்துக்கொள்ளும். ஆணியோ கம்பியோ உள்ள கிளை ஒன்று போதும், கத்தி வாய் உடைய.

ஹைட்ரா கிரேன், தூக்குக் கூண்டு வண்டி இரண்டும் வாடகைக்கே. வீட்டின் மேல் சாய்ந்த மரத்துக்கு ஆளை ஏற்றுவதைவிட மூன்று மணி நேரக் கிரேன் வாடகை மலிவு. அந்த வாடகை விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்கட்டும்.

வெட்டும் உரிமை, ஏற்றும் உரிமை, காப்பீடு

தெருவோர மரம் வீட்டுக்காரருடையதல்ல. உள்ளாட்சி, மாவட்டப் பசுமைக் குழு அனுமதிக் கடிதத்தின் நகல் வண்டியில் இருக்க வேண்டும். பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். சந்தனம், செம்மரம், தேக்கு, ஈட்டி எதுவானாலும் சொந்த இடத்தில் நின்றதென்றாலும் வனத்துறையிடம் கேட்காமல் ஏற்றாதீர்கள். வழியில் பிடிபட்டால் வண்டியும் போகும். ஆட்களுக்கு ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு, பக்கத்து வீட்டு ஓட்டுக்கும் காருக்கும் பொதுப்பொறுப்புக் காப்பீடு, இரண்டும் எடுத்த குழுவுக்கே அடுக்ககங்கள் ஒப்பந்தம் தரத் தொடங்கியிருக்கின்றன.

மழைக்காலத்துக்கு முன்

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்தது. இத்தகைய நாட்களில் கடைகள் மூடியிருக்கும், பெட்ரோல் கிடைக்காது, செயின் கிடைக்காது. செப்டம்பர் முடிவதற்குள் வண்டியின் டயர், பிரேக், வைப்பரைப் பார்த்து, ஒவ்வொரு ரம்பத்துக்கும் இரண்டு கூடுதல் செயின், ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, காற்று வடிகட்டி, பூட்டிய கேனில் எரிபொருள் எடுத்து வையுங்கள்.

விழுந்த மரம் நின்ற மரத்தைவிட ஆபத்தானது. வளைந்து அழுந்திக் கிடக்கும் தண்டில் உள்வளைவுப் பக்கம் இறுகியிருக்கும், வெளிவளைவுப் பக்கம் இழுபட்டிருக்கும். இறுகிய பக்கத்தில் முதலில் ஆழமில்லாமல் கொஞ்சம் அறுத்து, பிறகு எதிர்ப்பக்கத்தில் சிறிது சிறிதாக அறுக்க வேண்டும், தண்டு தெறிக்கும் திசையில் நிற்கக் கூடாது. வேரோடு பெயர்ந்த மரத்தில் அடிமரத்தை அறுத்ததும் வேர்த்தட்டு சட்டென்று குழிக்குள் திரும்ப விழும். அந்தக் குழியின் பக்கம் ஆளோ குழந்தையோ நிற்கவில்லை என்று ஒருவர் காவல் நிற்க வேண்டும். மின்சாரம் நின்றுவிட்டது என்று ஊரே சொன்னாலும், அறுந்து கிடக்கும் கம்பியில் ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து திரும்ப மின்சாரம் வரலாம். லைன்மேன் இரு முனையையும் தரையோடு இணைத்துக் காட்டும்வரை ரம்பத்தை வண்டியிலிருந்து இறக்காதீர்கள்.